சுல்மீரா வீட்டுக் காபி

யுரேனியச் சுரங்கத்தின் கழிவுக் குட்டை உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தண்ணீருக்குச் சான்று கொடுக்கும் அரசு அதிகாரியை ஊரே கிணற்றடியில் வளைத்துக்கொண்டது.

“தலைநகரு பிரசிலியா வரைக்கும் மனு போட்டாச்சு. இங்க சுரங்கத்துக்காரனே சோதிக்கிறான், ஆபீசர் ஐயா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறீங்க. வெக்கமா இல்ல?” என்று கத்தினான் ஜெனாரியோ.

“தண்ணி சுத்தம். சந்தேகம்னா இதே கிணத்துல தண்ணி எடுக்குற சுல்மீரா வீட்டுக் காபியக் கொண்டாரச் சொல்லுங்க. குடிச்சுக் காட்டுறேன்.”

சுல்மீரா பிளாஸ்க்கோடு வந்தாள். அதிகாரி இரண்டு கிளாஸ் குடித்தார்.

“இந்தத் தண்ணியில போட்ட காபியவே குடிக்கிறாரு. இனி என்னத்தச் சொல்ல?” என்று முனகியபடி பெண்கள் குடங்களை நிரப்பிக்கொண்டு கலைந்தார்கள். ஜெனாரியோவும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

சுல்மீராவின் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அதிகாரியின் குரல் இறங்கியது.

“அம்மா, நான் வாராவாரம் கொண்டாந்து போடுற கேன் தண்ணியில போட்ட காபிதானே இது?”

“அதுவா? பக்கத்து வீட்டு இவோனெச்சி மாசமா இருக்கா, கிணத்துக்கு நடக்க முடியல. அவளுக்குக் குடுத்துடுறேன்.”

“அப்ப நீ?”

“எனக்குக் கிணத்துத் தண்ணிதான். நல்ல தண்ணின்னு எம்புள்ளையே கையெழுத்துப் போட்டிருக்கான், எனக்கென்ன பயம்?” என்றபடி மகனுக்கு மூன்றாவது கிளாஸை ஊற்றினாள்.