அடித்த வரி

பிடிபடும் துப்பாக்கிகள் எந்தக் கடையில் விற்கப்பட்டவை என்பதை அரசு ஊரறியச் சொல்ல வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தவர் இளவழகன். அது நிறைவேறிய மதியம், சட்டசபை வாசலில் மரகதவல்லி அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். அவள் மகள் சந்தையில் சுடப்பட்டு இறந்தவள்.

“எம் பொண்ணைச் சுட்ட துப்பாக்கிய வித்தது யாருன்னு இனிமே தெரிஞ்சிடும்ல, ஐயா?”

கடைகளின் பெயரை மறைத்தால்தான் ஓட்டு என்று மற்ற உறுப்பினர்கள் பிடிவாதம் பிடிக்க, காலையில்தான் மசோதாவிலிருந்து அந்த வரியை அவரே அடித்து நீக்கியிருந்தார். எத்தனை துப்பாக்கிகள் பிடிபட்டன என்பது மட்டுமே இனி வெளிவரும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

“சட்டம் வந்துடுச்சும்மா.”

“கை ஏன் ஐயா இப்படி வேர்க்குது?” என்று அவள் முந்தானையால் அவர் உள்ளங்கைகளைத் துடைத்தாள். துடைத்து முடிக்கும்வரை அவர் நீட்டியபடியே நின்றார்.