வெந்நீர் போடும் புரதம்

குளத்துப் பாசி ஒன்றுக்குள் ஒரு புரதம் இருந்தது. வெயிலைப் பிடித்து, உணவு தயாராகும் மையத்துக்கு அனுப்புவது அதன் வேலை. வெயில் கடுமையானதும் பக்கத்தில் புதிதாக ஒரு புரதம் வந்தது. அது பிடித்த ஒளியையெல்லாம் வெப்பமாக மாற்றித் தண்ணீரில் விட்டது.

"ஏம்பா, குளத்துக்கு வெந்நீர் போடவா வந்தே?" என்றது பழையது.

"இவ்வளவையும் அனுப்பினா உள்ளே தாங்காதுண்ணே."

பழையது சிரித்துவிட்டு இன்னும் வேகமாக அனுப்பியது. உச்சிவேளையில் மையத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. "போதும். நாங்க கருகிக்கிட்டு இருக்கோம்."

பழையதற்கு ஒளியைப் பிடித்து உள்ளே அனுப்பத்தான் தெரியும், வெப்பமாக்கி வெளியே விடத் தெரியாது. கையில் அடுத்த கதிர் வந்து விழுந்தது. தயங்கித் தயங்கி அதைப் பக்கத்தில் நீட்டியது.

புதியது வாங்கிக்கொண்டது. "அடுத்ததையும் குடுங்கண்ணே."