பில் போடும் பாகம்

எல்லாம் நகர்ந்தது. பில் மட்டும் வரவில்லை.

ஹெப்சிபா மறுபடி பட்டனைத் தட்டினாள். திரையில் ‘காத்திருக்கவும்’ என்று வந்து நின்றது. எதற்காக என்று மட்டும் சொல்லித் தொலையவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேண்டேஜ் துணி மில்லின் ஆபீஸ் அறை. எதிரே முதலாளி விஜயபாண்டி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு நேரம் என்ன பேச்சு பேசினாள்! அவள் எழுதிய மென்பொருளில் சரக்கு, சம்பளம், பில் என்று ஒவ்வொன்றும் தனிப் பாகமாம். எதை வேண்டுமானாலும் கழற்றி வேறு கம்ப்யூட்டருக்கு நகர்த்தலாமாம். மற்றவற்றுக்குத் தெரியவே தெரியாதாம். சொன்ன கையோடு, பில் போடும் பாகத்தைத் தன் லேப்டாப்பிலிருந்து மில் கம்ப்யூட்டருக்கு நகர்த்தியும் காட்டினாள். அது அங்கே போய்ப் படுத்துவிட்டது.

இந்த ஆர்டர் கிடைத்தால் ராஜபாளையத்திலேயே தன் கம்பெனியை நடத்தலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். பாகங்களை நகரவிட்டு, தான் நகராமல் இருப்பதுதான் அவள் திட்டம்.

பாகத்தை லேப்டாப்புக்கே திருப்பினாள். அங்கேயும் ‘காத்திருக்கவும்’. அடப்பாவி, நேற்று சாயங்காலம் வரை நன்றாகத்தானே இருந்தாய்?

வியர்த்துக் கொட்டியது. தலையைத் தூக்கினாள். சுவரில் தினசரிக் காலண்டர்.

வெள்ளிக்கிழமை. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

திரையின் மூலையில் மணி பார்த்தாள். பதினொன்றே கால்.

இதே மென்பொருளை முதலில் வாங்கியது ராஜபாளையத்து மில் ஒன்று. ராகு காலத்தில் ஒரு பில்லும் வெளியே போகக் கூடாது என்று அந்த முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். இவளும் சிரித்துக்கொண்டே அதை பில் பாகத்துக்குள் எழுதிவைத்தாள், மறந்தும் போனாள். அங்கே அந்த நேரத்தில் யாரும் பில் பக்கமே போவதில்லை என்பதால் அது ஒரு நாளும் மறித்ததில்லை.

சர்ச்சுக்குப் போகிற வீட்டில் ராகுவுக்கு என்ன வேலை? இன்றைக்குப் பத்தே முக்காலுக்கு வருகிறேன் என்று நேரம் குறித்தவளும் அவளேதான்.

மறைத்து என்ன பயன்? “ராகு காலம் அண்ணாச்சி, அதான் பில் போட மாட்டேங்குது” என்றாள், அழாத குறையாக.

விஜயபாண்டி முதன்முறையாகச் சிரித்தார்.

“நீ நேரம் சொன்னப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சும்மா. ஒனக்குத்தான் தெரியல, நீ செஞ்சதுக்காவது தெரியுதான்னு பாப்போம்னுதான் பேசாம இருந்தேன்.”

ஆர்டர் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தவர், காலண்டரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்தார். இரண்டு காப்பி சொன்னார்.

பன்னிரண்டு ஆகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.