கல்குட்டைக் காவல்

கண்ணுகளா, அந்தக் கல்குவாரிக் குட்டையில் வானம் முழுக்க விழுந்து கிடக்கும். அதன் கரையில் காவலுக்கு இருந்தவர் மாசிலாமணி. அந்த வேலைக்கு ஆகும் செலவையும் அதனால் வரும் பயனையும் எடைபோட ஓர் அதிகாரி வந்தார்.

“மூணு வருசத்துல எத்தனை பேரைக் காப்பாத்துனீங்க?”

“ஒருத்தரையும் இல்லீங்க சார். யாரும் விழலையே.”

“அப்ப பயன்னு என்னத்தய்யா எழுதுறது? பூஜ்யம் போட்டா உங்க வேலையை எடுத்துருவாங்க.”

“அதுக்காக ஒருத்தரைத் தள்ளியா விடமுடியும்?”

பள்ளி விட்டது. பிள்ளைகள் வழக்கம்போல் ஒவ்வொருவராக மாசிலாமணியின் காவல் கம்பைத் தொட்டுவிட்டுக் கரையோரம் நடந்தார்கள். தண்ணீருக்குள்ளும் அவர்கள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டே போனார்கள். அதிகாரி தண்ணீரையே பார்த்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“பாப்பா, உன் பேரென்ன?”

“தேன்மலர். பின்னால வர்றவங்க பேரும் வேணுமா சார்?”

படிவத்தில் பயனுக்கென்று விட்டிருந்த கட்டம் ஒரு விரல் அகலம்தான். வரிசை இன்னும் வந்துகொண்டிருந்தது.