புஷ்பம் ஏற்றும் வண்டி

"சீச்சீ!" என்றாள் சாவித்திரி மாமி.

"இருநூத்தம்பது சி.சி., மாமி" என்றான் கிரீஷ்.

"வண்டியைக் கேக்கலைடாப்பா. உன் கையில இருக்கறதைச் சொன்னேன்."

கிரீஷின் கையில் பாதி தின்ற முட்டை ரோல். மாமி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற நிற்பில், அவன் ரோலை மூலையில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தான்.

வேறு வழி? ஞாயிற்றுக்கிழமை அவன் சென்னைக்கு மாற்றலாகிப் போகிறான். கடற்கரையில் சவாரி விட்டுப் பணம் பண்ணலாம் என்று நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய ஏ.டி.வி. வண்டிகள் இரண்டும், லேக் கார்டன்ஸில் அவனுடைய வங்காளி வீட்டுக்காரரின் ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றன. தடித்தடியாக நாலு சக்கரம், மணலிலும் சேற்றிலும் ஓடுகிற மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வண்டியாவது பரவாயில்லை. கறுப்பைச் சீந்துவாரில்லை. அதை யார் தலையிலாவது கட்டிவிட்டுத்தான் அவன் ரயில் ஏற வேண்டும்.

போனில் மாமியின் குரலைக் கேட்டபோது, பேரனுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தான். பேரனையும் காணோம், பிள்ளையையும் காணோம். பவானிபூரிலிருந்து மாமி தன்னந்தனியாக வந்து இறங்கியிருக்கிறாள்.

"வண்டி யாருக்குங்க மாமி?"

"புஷ்பம் ஏத்தறதுக்கு. பின்னால கூடை கட்டலாமோ? ஐஸ் பெட்டியும் வைக்கணும்."

கிரீஷ் வாயைப் பிளந்தான். கோயிலுக்குப் பூக்கூடை தூக்க ஏ.டி.வி.யா? அதற்கு ஐஸ் வேறா? காசு இருந்தால் பக்தி என்ன ஆட்டமெல்லாம் போடுகிறது! சரி, நமக்கென்ன, கறுப்பு போனால் போதும்.

"அப்ப கறுப்புதாங்க சரி. சிவப்பு வெறும் நூத்தி இருபத்தஞ்சு சி.சி., விளையாட்டுச் சாமான் மாதிரி. கறுப்போட இன்ஜின் அதுக்கு ரெட்டிப்பு. எவ்வளவு பாரம்னாலும் இழுக்கும்."

"மணல்ல இழுக்குமோ?"

"அதுக்குன்னே செஞ்சதுங்க."

"அப்போ ஓட்டிக் காட்டு. இடது காலை மடக்கி சீட் மேல வெச்சுண்டு ஓட்டணும்."

"என்னங்க?"

"இடது காலைத் தொங்கப் போடப்படாது. அவ்வளவுதான்."

கிரீஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூக்கூடை இருக்கிற வண்டியில் கால் தொங்கக் கூடாது என்று ஏதாவது சாஸ்திரமோ? கேட்டால் இன்னொரு தடவை கை கழுவச் சொன்னாலும் சொல்வாள் என்று பேசாமல் ஏறினான்.

கறுப்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. பத்தடி போவதற்குள் அவன் இடது கால் தானாகக் கீழே இறங்கியது.

"கால் இறங்கிடுத்து" என்றாள் மாமி.

"கியர் இடது கால்லதாங்க இருக்கு. லேசாத் தட்டினாப் போதும், பழகிடும்."

"பழகாது. இது வேண்டாம். சிவப்பை எடு."

சிவப்பில் கியர் மாற்றும் வேலையே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும், கைப்பிடியைப் பிடித்தால் நிற்கும். ஒரு காலை மடக்கிக்கொண்டு கிரீஷ் தெருவைச் சுற்றி வந்ததைப் பார்த்து, கிளப் வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்த வங்காளி அண்ணன்மார்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவனுக்கு மானம் போயிற்று. மாமிக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"இதேதான். இதையே ஏத்திடு."

"மாமி, பெரிய இன்ஜினை விட்டுட்டு..."

"நேக்கு இது போறும்."

வாசலில் மாமி வரச் சொல்லியிருந்த மேட்டடார் வேன் வந்து நின்றது. சிவப்பு வண்டியைத் தள்ளி ஏற்றிக் கயிறு கட்டிய பிறகும் கிரீஷுக்கு எரிச்சல் அடங்கவில்லை.

"எந்தக் கோயிலுக்குங்க மாமி இந்தப் பூவெல்லாம்?"

"கோயிலா? வண்டி மந்தார்மணிக் கடற்கரைக்கன்னா போறது! கடல்லேர்ந்து படகு வந்ததும், கரையிலேர்ந்து ரோடு வரைக்கும் ஜலபுஷ்பம் கொண்டுவரணும்."

"ஜலபுஷ்பம்னா தாமரைங்களா?"

மாமி குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஊர்க்காரா தினம் சாதத்துக்குத் தொட்டுக்கறாளே, அதுடா."

"மீனா!"

"கத்தாதே. அந்த வார்த்தையை நான் வாயால சொல்றதில்லை."

கிரீஷ் ஆடிப்போனான். முட்டை ரோலுக்கே மூக்கைப் பொத்தியவள், மீன் வியாபாரமா? ஊருக்கு உபதேசம் செய்கிற ஆசாரம் காசு என்றதும் பறந்துவிட்டதா? கறுப்பு விற்காத ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

"நல்லா இருக்குங்க மாமி. முட்டை தின்ன கையை மட்டும் கழுவச் சொன்னீங்க. மீன் வித்து வர்ற காசைக் கழுவித்தான் வாங்குவீங்களா?"

மாமி கோபித்துக்கொள்ளவில்லை.

"வியாபாரம் அந்தக் கரையில கூடை தூக்கிண்டிருந்த நிதாய்ங்கறவனோடது. வண்டியும் அவனுக்குத்தான். போன வருஷம் அங்கே எங்காத்துக்காரரை அலை இழுத்துண்டு போயிடுத்து. கரை முழுக்க ஜனம் நின்னு வேடிக்கை பாத்தது. அவன் ஒருத்தன்தான் குதிச்சான். இவரைக் கரையில தள்ளிட்டுத் திரும்பறான், படகு வந்து மோதி அவனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போயிடுத்து. ஒத்தைக் கால்ல மணல்ல கூடை தூக்க முடியுமோ? குடிசை வாசல்ல உட்காந்து கடலைப் பாத்துண்டே இருக்கான்டாப்பா."

கிரீஷ் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டான். சற்று முன் மடக்கிவைத்த கால் இன்னும் மரத்துப்போய்த்தான் இருந்தது. லேசாகத் தட்டினால் போதும் என்று அவன் சொன்னது அவனையே சுட்டது.

"இருந்தாலும்... நீங்க போய் மீனுக்கு..." என்று முணுமுணுத்தான்.

மாமி மேட்டடாரில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு இவரை இழுத்துண்டு வந்தப்போ, அவன் கையில மீன் நாத்தம் அடிக்கறதான்னு நான் மோந்தா பாத்தேன்?"