மேளத்தைக் குறைங்க

"இன்னும் சத்தம் வேணுங்க," என்றார் மாதையன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அம்மாக்கண்ணுவும் கையை உயர்த்திக் காட்டினாள்.

போளூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் குணசீலன் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினான். "சத்தத்துக்கு இருக்கிற இடமே இவ்ளோதாங்க. அதுல முக்காவாசிய மேளத்தோட பேஸ், அந்த திம்முதிம்முனு அதிர்ற சத்தம், அடைச்சிட்டிருக்குது. அதைக் கொறச்சா, பாடுற அம்மா குரலை நல்லா தூக்கலாம். ஆனா பேஸ் இல்லாட்டி திருவிழாவுல யாரும் ஆட மாட்டாங்க."

"மேளம் நான் அடிச்சதுதான். கொறச்சிடுங்க. யாரும் ஆட வேணாம், ஓடுனா போதும்."

"இன்னாங்க சொல்றீங்க, ஓடணுமா?"

"காட்டுப்பன்னிங்க ஓடணும். சாமைக் கொல்லையில காவல் பரண் மேல ஸ்பீக்கர் கட்டப் போறேன். இந்தக் குரலுக்குத்தான் அதுங்க பயப்படும்."

குணசீலன் பேஸைக் குறைத்துவிட்டு மொத்தச் சத்தத்தையும் ஏற்றினான். பெண் குரல் அறையைக் கிழித்தது.

"யப்பா! யாருங்க இந்த அம்மா?"

மாதையன் மனைவியைப் பார்த்தார்.

"இவதான். போன வருசம் போன்ல புடிச்சது. பத்து வருசமா ராவெல்லாம் பரண்ல கத்திக் கத்தி, இப்ப இவளுக்குப் பேச்சே வரல. இந்த வருசமாவது வூட்ல படுத்துத் தூங்கட்டும்."

அம்மாக்கண்ணு, இன்னும் கொஞ்சம் என்று கையை உயர்த்தினாள்.