ஈரல் பங்கு

ஏணியைக் கீழே நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே ஜெயபாலன் ஆந்தைப் பெட்டியைத் திறந்தார், எட்டிப் பார்த்தார், பிறகு உள்ளே கையை விட்டார்.

அவர் என் தங்கை பிரேமலாவின் கணவர். எங்கள் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைகள் தங்க மாட்டியிருக்கும் நாற்பது பெட்டிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. எலி பழத்தைத் தின்னும், ஆந்தை எலியைத் தின்னும், அதனால் பெட்டி இருக்கும் பிளாக்கில் எலி மருந்து வைக்கவே கூடாது. பாலோ டவுனில் கல்யாண விருந்துக்குப் போனாலும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் இதைத்தான் பேசுவார். சோறு ஆறிப்போகும்.

இன்று அவர் தோட்டத்துக்கு வந்திருக்கவே வேண்டாம். பன்னிரண்டு மணிக்குக் குளுவாங் ஆஸ்பத்திரியில் பிரேமலாவுக்கு ஆபரேஷன். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். அம்மா அவளோடு இருக்கிறாள். இவரோ பத்து நிமிஷம், ஒரே ஒரு பெட்டி என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பதினான்காம் பிளாக்கில் மூன்று நாளாக ஆந்தைச் சத்தமே இல்லையாம்.

மேலிருந்து ஒரு வெள்ளை முகம் இறங்கி வந்தது. தாய் ஆந்தை. அதை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே கையை விட்டார். குஞ்சுகள் மூன்று. எல்லாம் செத்திருந்தன.

காயம் எதுவும் இல்லை. மூக்கோரத்தில் மட்டும் ரத்தம். அது என் உள்ளங்கையில் வடிந்தது. செத்து எவ்வளவு நேரமோ, இன்னும் உறையவில்லை.

ஜெயபாலன் இறங்கி வந்தார்.

“நீல எலி மருந்துக் கட்டி வச்சிருக்கானுங்க மச்சான். பழைய மஞ்சள் கட்டி இப்படிச் செய்யாது. இது எலியோட நிக்காது லா. எலியத் தின்னது எதுவோ, அதோட ஈரல்ல போயி உக்காந்துக்கும். அப்புறம் சின்னக் கீறல் போதும், ரத்தம் நிக்காது.” கீழே கிடந்த குச்சியை எடுத்தார். “யாரு வச்சது இங்க?”

நான் ஏணியை மடக்கினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குச்சியால் செம்பனை அடியைக் கிளறிக்கொண்டே போனார். ஓர் எலி கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. காலை பத்து மணிக்கும் அந்த பிளாக்குக்குள் வெளிச்சம் சரியாக விழவில்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

“இங்க எதுவுமே காணாமப் போவாது மச்சான்,” என்றார் குனிந்தபடியே. “வெயில் பழமாவும். பழத்த எலி தின்னும், எலிய ஆந்தை தின்னும். எலியோ ஆந்தையோ செத்து விழுந்தா பன்னி தின்னும். ஆளுதான் மாறும். உள்ள போன சாமான் அப்படியேதான் இருக்கும்.”

பன்றி என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

இரண்டு வாரத்துக்கு முன் இதே பிளாக்கில் நான் வைத்த கண்ணியில் ஒரு காட்டுப்பன்றி விழுந்தது. அது திமிறவே இல்லை. தள்ளாடிக்கொண்டு நின்றது. எங்கேயோ கள்ளு குடித்துவிட்டு வந்திருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. பன்றியை யார் பிடித்தாலும் கறியைத்தான் பங்கு போடுவோம். ஈரலை வெட்டாமல் முழுசாகப் பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். அது ரத்தம் ஊற வைக்கும். இந்த முறை பிள்ளைத்தாச்சி என் தங்கை. ரத்தம் பத்தவில்லை என்று கிளினிக்கில் அவளை மாதா மாதம் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானே ஈரலைக் கழுவிக் கொண்டுபோய் அவள் ஐஸ்பெட்டியில் வைத்தேன். அம்மா தினம் ஒரு துண்டு மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தாள். நேற்று மதியத்தோடுதான் தீர்ந்தது.

திங்கட்கிழமை பிரேமலா போன் செய்தாள். பல் விளக்கினால் ஈறெல்லாம் ரத்தம் அண்ணே என்றாள். மாசமாக இருந்தால் அப்படித்தான் என்று தாதி சொன்னாளாம். மெதுவாக விளக்கு லா என்று நானும் கேலி செய்தேன்.

நீலக் கட்டியை வைத்தது நான்தான்.

மூன்று வாரத்துக்கு முன், பெட்டி இல்லாத ஒன்பதாம் பிளாக்கில் மருந்து வைத்து முடித்தபோது அரைச் சாக்கு மிச்சம் இருந்தது. ஸ்டோர் மேட்டில் இருக்கிறது. மழை வேறு தூறியது. தூக்கிக்கொண்டு ஏற சோம்பல்பட்டு, வழியில் இருந்த இந்த பிளாக்கில் மரத்துக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

மணி பத்தேகால். இன்னும் நேரம் இருக்கிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும், மாற்று மருந்து ஏதாவது வைத்திருப்பார்கள். வேலை போனால் போகட்டும், ஜெயபாலன் என்னைக் கொன்றாலும் கொல்லட்டும். ஆந்தையைத் தரையில் வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

உடனே எடுத்தாள்.

“ஒனக்குத்தான்டா போட்டுக்கிட்டே இருக்கேன், லைனே கிடைக்கல! முன்னாடி இருந்த கேஸு வரலையாம். பிரேமலாவ அப்பவே உள்ள கொண்டுபோயிட்டாங்க.”

“அம்மா, ஓடிப்போயி கதவத் தட்டும்மா! வெட்ட வேணாம்னு சொல்லு. நான் குடுத்த ஈரல்ல எலி மருந்து இருக்கு. அவளுக்கு ரத்தம் நிக்காது!”

ஜெயபாலன் நிமிர்ந்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. குச்சியைப் போட்டுவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தார்.

அம்மா நான் சொன்னதைக் கேட்கவே இல்லை.

“பொறுடா, பொறுடா,” என்றாள். அவள் சிரிப்பது எனக்குக் கேட்டது. “உள்ள புள்ள அழுவுது.”